வெள்ளைச் சப்பாத்து

சவப்பெட்டியில் கிடந்த தாயின் கால்களுக்கு வெள்ளைக் காலுறைகளை மாட்டிவிட்டு நிரோஷினி நிமிர்ந்தாள்.

"அப்பா, அம்மாட வெள்ளைச் சப்பாத்தைக் காணேல்ல. அலுமாரியெல்லாம் கிளறிப் பாத்திட்டன்."

"எந்தச் சப்பாத்து?" நிக்கலஸ் கதிரையை விட்டு அசையவில்லை.

"பிறஷருக்கு நடக்கோணும் எண்டு கிளினிக்கில சொல்ல, ஆசைப்பட்டு வாங்கினாவெல்லே, அது."

"காலில மேசு போட்டிருக்கே, அது காணும்."

அதைப் போட்டு மாகிரட் ஒரு மாதம்தான் நடந்தாள். விடியற்காலை, உட்துறைமுக வீதியில், கடலோரமாக. பக்கத்து வீட்டுப் பாக்கியரத்தினமும் அதே நேரம் நடப்பார். அவருக்கும் பிறஷர். மனைவி இல்லாத மனிதன். இருவரும் சிரித்துக் கதைத்தபடி திரும்பி வந்ததை நிக்கலஸ் படலையில் நின்று பார்த்தார். நாற்பது வருடத்தில் தன்னோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை. நடக்கச் சொல்லுகிற டொக்டர்மார் யாரோடு என்று சொல்லுவதில்லை.

அன்று மாலையே சப்பாத்து காணாமல் போனது. மாகிரட் இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் நிக்கலசின் முகத்தைப் பார்த்தாள், பிறகு தேடவில்லை. நடக்கவும் போகவில்லை. கருவாட்டுக் குழம்பு திரும்பவும் அடுப்பில் ஏறியது. பிறஷர்க் குளிசையை விழுங்கியது நினைத்த நாளில் மட்டும். எட்டு மாதம். முந்தநாள் குசினியில் வாய் கோணி விழுந்தாள்.

"ஒரே சோம்பல், பஞ்சியில நடக்கிறதை விட்டிட்டா," நிரோஷினி மூக்கைத் துடைத்தாள். "போனில எத்தினை தரம் ஏசினனான். பாக்கியம் அங்கிளைப் பாருங்க, விடாம நடந்து எப்பிடி இருக்கிறார்."

பாக்கியரத்தினம் வாசலில் நின்றார். வயிறு வற்றி, முதுகு நிமிர்ந்து. பார்க்கவே நிக்கலசுக்கு எரிந்தது.

"கொம்மா பஞ்சிக்காரி இல்ல," என்று எழுந்தார்.

சாமான் அறையில், பழைய வலை மூட்டைக்குள் கைவிட்டு எடுத்து வந்தார். நிரோஷினி சப்பாத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கை நீட்டி வாங்கவில்லை.

அவரே குனிந்து போட்டுவிட்டார். அடி இன்னும் தேயவில்லை. நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினார்.

அடக்கத்துக்குக் கொண்டுபோகப் பெட்டியை வாகனத்தில் ஏற்றியதும் பாக்கியரத்தினம் கிட்ட வந்தார். "அண்ண, சேமக்காலை தூரம். நீங்க முன்னுக்கு ஏறுங்க. நான் நடந்து வாறன்."

"நீர் ஏறும். நான் நடப்பன்."

பாக்கியரத்தினமும் ஏறவில்லை. கடலோரமாக வாகனம் ஊர்ந்தது. பின்னால் நிக்கலஸ் மூச்சிரைக்க நடந்தார். பாக்கியரத்தினத்தின் காலடி கிட்டக் கேட்கும்போதெல்லாம் காலை இன்னும் எட்டி வைத்தார்.