தலைவலியக்கா

சலவைக்கூடத்தில் அவளுக்குத் தலைவலியக்கா என்று பட்டம் கட்டியவர் இஸ்திரி மாஸ்டர். வேடிக்கை என்னவென்றால், அவளுக்குத் தலைவலி என்று ஒன்று வந்ததே இல்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு டப்பாவைத் திறந்ததும் நெற்றியில் விரல்களை அழுத்திக் கண்ணை மூடினாள். மனதுக்குள் ஜெபம். கைகூப்பிச் சொல்லக் கூச்சம். எதிரே இருந்த மாஸ்டர், தலைவலியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தாள். அந்த ஒரு தலையாட்டலில் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மாஸ்டர் அவளுக்காகத் தைலம் வாங்கி மேஜையிலேயே வைத்திருந்தார். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். கைகூப்பக் கூச்சப்பட்ட இதே மகராசி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டெடுத்தால் கூரை அதிரும்.

போன மாதம் புதிதாக ஒருத்தி வந்து சேர்ந்தாள். இரண்டு பிள்ளைக்காரி. முதல் நாளே டப்பாவுக்கு முன்னால் கைகூப்பி, வாய்விட்டு ஜெபம் செய்து, ஆமென் என்று முடித்தாள். மாஸ்டருக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. சாப்பாடு ஆறுது, சாமியைச் சீக்கிரம் அனுப்பிவிடு என்றார். மேஜையே சிரித்தது. தலைவலியக்காவும் சிரித்தாள்.

"என்னக்கா, நீங்களும் இந்தக் கோஷ்டியா?" என்று மாஸ்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"நானா? எனக்கு என் தலைவலியோட மல்லுக்கட்டவே நேரம் இல்ல."

அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. சொன்ன வாய் அவளுக்கே கசந்தது. யாரும் அவளை அடிக்கப்போவதில்லை, வேலையை விட்டுத் துரத்தப்போவதுமில்லை. சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் ஆண்டவரை அந்நியராக்கினாள்.

தினமும் பிற்பகல் முழுக்க அவளுக்கும் புதியவளுக்கும் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம்தான். எங்கே கண்ணைக் கொண்டுபோய் ஒளிப்பது? நாலைந்து நாள் கழித்து, பத்தாவது விரிப்பில் புதியவள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, உங்க தலைவலி தீரணும்னு நான் தினமும் வேண்டிக்கிறேன். என் பசங்களும் வேண்டிக்குதுங்க."

தலைவலியக்காவின் கையிலிருந்து விரிப்பு நழுவி ஈரத்தரையில் விழுந்தது. அது மறுபடி வெளுக்கப் போயிற்று. அன்று வீட்டில் முழங்காலில் நின்றவளுக்கு வார்த்தை வரவில்லை. இல்லாத நோய்க்காக இரண்டு குழந்தைகள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது, அவள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் கேட்பாள்?

கேலி வளர்ந்தது. கண் மூடியிருக்கும்போது புதியவளின் டப்பாவை யாராவது நகர்த்திவைப்பார்கள். கண்ணைத் திறந்ததும் அவள் தேடுவாள், மற்றவர்கள் சிரிப்பார்கள். தலைவலியக்கா மட்டும் தன் டப்பாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே மூன்று வாரம்.

நேற்று மதியம் புதியவள் கைகூப்பவில்லை. டப்பாவைத் திறந்தாள், குனிந்தாள், சாப்பிட ஆரம்பித்தாள். வழக்கம்போல் தலைவலியக்காவின் விரல்கள் நெற்றிக்குப் போயின. வழக்கம்போல் மாஸ்டர் தைலத்தை நகர்த்தினார். அவள் கையைக் கீழே இறக்கினாள்.

"எனக்குத் தலைவலி இல்ல மாஸ்டர். ஒரு நாளும் இருந்ததில்ல. நான் ஜெபம் பண்ணிட்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. அவள் கைகூப்பி, கேட்கும்படியாக ஜெபித்தாள். கூரையை அதிரவைக்கிற குரல் நாலு வரிக்குள் மூன்று இடத்தில் உடைந்தது. மாஸ்டர் தைலப் புட்டியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

பிற்பகல் மறுபடி விரிப்பு மடிக்கிற வேலை. ஒருமுறை முனைகள் சேர்ந்தபோது புதியவள் அப்படியே நின்றாள்.

"அப்போ முதல் நாள் அவங்க என்னைப் பார்த்துச் சிரிச்சப்பவே, நீங்களும் என்னை மாதிரிதான்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"என் பசங்ககிட்ட நான் என்னக்கா சொல்றது?"

புதியவள் விரிப்பை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து இரண்டு முனைகளை நீட்டினாள்.

"நாளைக்கும் சத்தமாப் பண்ணுவீங்களா?"

தலையை ஆட்டப்போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"பண்ணுவேன்" என்று வாயைத் திறந்து சொன்னாள்.