இருபதாம் திகதிக்கு முன்

மார்ச் மூன்றாம் திகதி, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மனோன்மணி வந்தபோது பள்ளிக்கூடத்து இரும்புக் கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே லொறியிலிருந்து மடக்கு மேசைகளையும் வாக்குச்சாவடித் தட்டிகளையும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் இரண்டு பொலிஸ்காரர் காவல்.

“நாளைக்கு இத்தாலிக்குப் பொதுத்தேர்தலாம்,” என்றார் அருளையா. அவருடைய இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் தமிழ் படிக்கிறார்கள். “இண்டைக்கு ஒருத்தரையும் உள்ளுக்கு விடமாட்டினமாம். நானெண்டா எங்கடை தமிழ்ப் பள்ளித் தேர்தலுக்குத்தான் பொலிஸ் காவல் போட்டிருக்கிறாங்களாக்கும் எண்டு நினைச்சன்!”

வாக்குப் போட வந்து நின்ற பெற்றோர் சனம் சிரித்தது. மனோன்மணி கதவுப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

கபோ சந்தைக்குப் பின்னாலுள்ள அந்த இத்தாலியப் பள்ளியின் கீழ்மாடியில்தான் தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் வாடகைக்கு நடக்கிறது. நிர்வாக சபைத் தேர்தலையும் வழக்கம்போல் சனியில் வைத்துவிட்டார்கள். நகரம் முழுக்க இத்தாலியத் தேர்தல் சுவரொட்டி ஒட்டியிருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அங்கே நின்ற எழுபது பேரில் ஒருவருக்கும் இத்தாலியில் வாக்கில்லை. இல்லாத வாக்குக்கு யார் நாள் பார்ப்பார்கள்?

பழைய அதிபர் ஒக்ரோபரில் லண்டனுக்குக் குடிபெயர்ந்ததிலிருந்து மனோன்மணிதான் பள்ளியை நடத்துகிறாள். நியமனக் கடிதம் மட்டும் இல்லை. அவள் சம்பளத்துக்குப் பராமரித்த சிஞ்ஞோரா, அந்த இத்தாலியக் கிழவி, செத்து ஒன்றரை வருடம். அன்றிலிருந்து ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தின் பின்கட்டில், பதிவில்லாத வேலையாக, கணவாய் மீன் துப்புரவாக்குகிறாள். முதலாளி ஒப்பந்தம் தரமாட்டான். ஒப்பந்தம் இல்லாமல் வதிவிட அனுமதி, அந்தப் பாழாய்ப்போன பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்க முடியாது. மார்ச் இருபது கடைசி நாள். அவளுடையது போனால் மகள் வேணுகாவினுடையதும் போகும்.

பள்ளி பதிவுபெற்ற சங்கம். அதிபருக்குச் சம்பள ஒப்பந்தம் எழுத அதனால் முடியும். சபைத் தலைவர் இரத்தினத்திடம் ஜனவரியிலேயே கேட்டாள்.

“தேர்தல் முடியட்டும் ரீச்சர். இப்ப போட்டா, போற நேரத்திலை தன்ரை ஆளைச் சொருகிப்போட்டுப் போறான் எண்டு கதைப்பாங்கள்.”

உள்விஷயம் வேறு. கால்சாப் பகுதியில் பதினேழு தமிழ்க் குடும்பங்கள் அவள் சொன்னால் கேட்கும். கடிதம் கைக்கு வந்துவிட்டால் அவள் ஏன் அவருக்கு வாக்குச் சேர்க்கப்போகிறாள்? எதிரணிக் கொன்ஸ்ரன்ரைனும் அதே பதவியைக் காட்டித்தான் கூப்பிட்டான்: “நாங்கள் வந்தவுடனை முதல் கையெழுத்து உங்களுக்குத்தான் அக்கா.” இரண்டு பேருக்கும் தலையாட்டியே அவளுக்குக் கழுத்து நொந்திருந்தது.

“அப்ப ஒத்திவைப்பம்,” என்றார் இரத்தினம் பூட்டிய கதவைப் பார்த்து. “சங்க யாப்பின்படி மூண்டு கிழமை அறிவித்தல் வேணும். இருபத்திநாலாம் திகதி.”

“ஐயோ அண்ணை, எனக்கு இருபதோடை முடியுது!” அவருடைய ஜக்கெட் கையைப் பிடித்தாள். பிடித்த விரல்களில் கணவாய் மணத்தது. “இப்பவே கையெழுத்து வையுங்கோ. உங்கடை காலிலை விழுறன்.”

“எங்கடை பதவிக்காலம் பெப்ரவரியோடை சரி. இண்டைக்கு நான் வைச்சா அது வெறும் கிறுக்கல்.”

“அப்ப ஆர்தான் வைக்கிறது?”

“இண்டைக்கு ஒருத்தருமில்லை,” என்றான் கொன்ஸ்ரன்ரைன், நீதவான் தீர்ப்புச் சொல்வதுபோல்.

தேர்தலுக்கென்று கொண்டுவந்த பை அவள் தோளில் தொங்கியது. அதற்குள் முத்திரையும், சம்பள ஒப்பந்தத்தோடு அவள் முன்பே அடித்துவைத்த நியமனக் கடிதமும், மாணவர் பெயர்ப்பதிவு இடாப்பும். இடாப்பை வெளியே எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“இடாப்பு இது ஒண்டுதான் இருக்கு. இதிலை பேருள்ள பிள்ளையின்ரை தாய்தேப்பனுக்குத்தான் வாக்கு. கடிதத்திலை பெப்ரவரி பத்தெண்டு திகதி போட்டுக் கையெழுத்து வையுங்கோ அண்ணை. இல்லாட்டி இடாப்பும் இல்லை, உங்கடை தேர்தலும் இல்லை.”

“வெருட்டுறீரோ ரீச்சர்?”

“ஓம். வேறை என்னத்தை வைச்சிருக்கிறன் நான்?”

இரத்தினம் சனத்தைப் பார்த்தார். கால்சாப் பெண்கள் ஒவ்வொருவராக நகர்ந்து அவளுக்குப் பின்னால் வந்து நின்றார்கள். பதினேழு வீட்டு வாக்கு. அவர் பேனாவை எடுத்தார். யாரோ நிறுத்தியிருந்த காரின் முன்மூடியில் கடிதத்தை வைத்துத் திகதியை எழுதி, கையெழுத்தைக் கிறுக்கினார். அவள் முத்திரையைக் குத்தினாள். முன்மூடியின் வளைவில் அது சரிந்து பதிந்தது.

கொன்ஸ்ரன்ரைன் கடிதத்தைப் போனில் படமெடுத்தான். “கள்ளத் திகதி. நாங்கள் வந்தா முதல் வேலை இதைக் கிழிக்கிறதுதான். சொல்லிப்போட்டன்.”

“கிழியுங்கோ தம்பி,” என்றாள், மை காய ஊதிக்கொண்டே. “இருபத்திநாலுக்குத்தானே வருவீங்கள். வந்து வடிவாக் கிழியுங்கோ.”

இடாப்பை இரத்தினத்தின் கையில் திணித்துவிட்டு, கடிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பஸ்ஸுக்கு ஓடினாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் இந்நேரம் கணவாய்ப் பெட்டி வந்து இறங்கியிருக்கும்.