பதினான்கு புள்ளிகள்

தோற்பதற்குக் கூலி வாங்குவதில் வெண்டெல் புரூயிட்டுக்கு இருபத்திரண்டு வருட அனுபவம். ஹார்லன் க்ரீக் என்ற பொடிக் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் அவர். நவம்பர் பிறந்தால் பெரிய பல்கலைக்கழகங்கள் கூப்பிட்டுவிடும்: வாருங்கள், எங்கள் ரசிகர்கள் முன்னால் நாற்பது புள்ளியில் தோற்றுவிட்டு ஐயாயிரம் டாலரோடு ஊர் போய்ச் சேருங்கள். அந்தக் காசில்தான் பையன்களுக்கு ஷூ, பஸ்ஸுக்கு டீசல். இதில் அவருக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை என்பதுதான் உறுத்தல்.

இந்த முறை பெல்ஃபோர்டு. அவருடைய அணியில் ஆடும் கடைசி வருட மாணவன் மார்க்கீஸ் லெட்பெட்டரின் சொந்த ஊர். கல்லூரியில் இதுவரை ஆடியதையெல்லாம் கூட்டினால் அவனுக்கு ஆயிரம் புள்ளிக்கு இன்னும் பதினான்குதான் பாக்கி. ஆயிரம் எடுத்தவர்களின் பெயரைக் கல்லூரி அரங்கச் சுவரில் பெயின்ட்டால் எழுதுவார்கள். எண்பது வருடத்தில் பதினோரு பெயர்கள். அவனுடைய இடது முழங்காலோ இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தது. இன்னும் ஒரே ஒரு ஆட்டம், அதற்குமேல் ஆடினால் கால் உருப்படாது, உடனே அறுவை சிகிச்சை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த ஒன்றை அம்மாவின் கண்ணெதிரே ஆடட்டும் என்று பெல்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்தவர் வெண்டெல்தான்.

ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம் இருக்கும்போது, புள்ளி குறிப்பவர் படிவத்தை நீட்டினார்.

“கோச், எங்களுக்கு இது கணக்குல வர்ற மேட்ச். நீங்க காட்சி ஆட்டம்னு போட்டிருக்கீங்க. சரிதானே?”

வெண்டெல் படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். வருடத்துக்கு இத்தனை ஆட்டம்தான் என்று சின்னக் கல்லூரிகளுக்கு வரம்பு உண்டு. கூலி ஆட்டத்தைக் காட்சி ஆட்டம் என்று எழுதிவிட்டால் வரம்பில் வராது. வெற்றி தோல்வியும் வராது, எடுத்த புள்ளியும் வராது. எல்லாரும் செய்கிற காரியம்தான். செப்டம்பரில் பழக்க தோஷத்தில் டிக் போட்டவர், மார்க்கீஸை மறந்தே போயிருந்தார்.

“இப்ப மாத்த முடியாதா?”

“சீசன் ஆரம்பிச்சாச்சே கோச்.”

அவர் வெளியே வந்து ஆடுகளத்தின் ஓரமாக நடந்தார். திரும்பி நடந்தார். மேல் வரிசையில் மார்க்கீஸின் அம்மா யோலாண்டா, சர்ச் ஆட்கள் முப்பது பேரோடு, எல்லாரும் மஞ்சள் பனியன், நெஞ்சில் பெரிதாக 1000.

“கோச்!” என்று அங்கிருந்தே கத்தினாள். “கோழிக் கம்பெனியில ஒரு நாள் சம்பளத்தை விட்டுட்டு வந்திருக்கேன். என் புள்ளைய உக்கார வச்சிடாதீங்க!”

உள்ளே மார்க்கீஸ் முழங்காலில் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன கோச், ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கிறீங்க? பேன்ட்டுக்குள்ள எறும்பா?”

“வாய மூடிட்டு இறுக்கிச் சுத்துடா.”

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். சொன்னால் இன்றைக்கு உட்கார்ந்துகொள்வான், அடுத்த சனிக்கிழமை சொந்த அரங்கில் ஆடுவான், சுவரில் பெயர் ஏறும். இடைவேளையில் சொல்லிவிடலாம் என்று வெண்டெல் முடிவு செய்தார். மனுஷனுக்குச் சாக்கா கிடைக்காது?

முதல் பாதியில் மார்க்கீஸ் ஒன்பது எடுத்தான். ஹார்லன் க்ரீக் மூன்று புள்ளி முன்னால் இருந்தது. கூலி கொடுத்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

“இன்னும் அஞ்சே அஞ்சு கோச்!” என்று இடைவேளையில் அவன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

வெண்டெல் வாயைத் திறந்தார். “தண்ணி குடி,” என்றார். அந்தத் தாயின் முகத்தை நினைத்துத்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பச்சைப் பொய். அவர் பார்த்துக்கொண்டிருந்தது ஸ்கோர்போர்டைத்தான்.

ஆறு நிமிடம் மிச்சமிருக்கும்போது பதினான்காவது புள்ளி விழுந்தது. மஞ்சள் பனியன்கள் எழுந்து ஆடின. மார்க்கீஸ் நொண்டிக்கொண்டே ஓரத்துக்கு வந்தான்.

“உக்காரட்டுமா கோச்? கால் ஒரு மாதிரி இழுக்குது.”

ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

“ரெண்டே நிமிஷம்டா. பல்லக் கடிச்சிக்கோ.”

இரண்டு நிமிடம் ஐந்தாயிற்று. எகிறிப் பந்தைப் பிடித்தவன் தரையில் இறங்கியபோது கால் தாங்கவில்லை. அவன் போட்ட அலறலில் அரங்கமே அடங்கிப்போயிற்று. மிச்ச நிமிடத்தை மற்ற பையன்கள் எப்படியோ ஒப்பேற்றினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, இரண்டு புள்ளியில், வெண்டெல் ஜெயித்தார்.

முதலுதவி அறையில் மார்க்கீஸின் முழங்காலைச் சுற்றி ஐஸ் கட்டியிருந்தது. யோலாண்டா அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியே பையன்கள் லாக்கரைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

“போகட்டும் கோச்,” என்றான். “பேர எப்ப எழுதுவாங்க?”

வெண்டெல் சொல்லிவிட்டார். டிக், செப்டம்பர், காட்சி ஆட்டம், எல்லாம். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஆகவில்லை.

மார்க்கீஸ் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எப்ப தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டாள் யோலாண்டா.

“ஆட்டத்துக்கு முன்னாடியே.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

“அப்ப என் புள்ள யாருக்காக ஆடுனான்?”

“எனக்காக,” என்றார் வெண்டெல்.