கொய்யாத் தோப்புக்குப் போன தூண்

கொய்யாவுக்குப் பேர்போன யென்சாவில் பல் மருத்துவர் கோவுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் நான்காம் எண் தூண், வரைபடம் ஏழாவது முறை திருத்தப்பட்ட செவ்வாய்க்கிழமை மதியம், பக்கத்துக் கொய்யாத் தோப்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று வெயில் முப்பத்து மூன்று டிகிரி. காற்று இல்லை.

அந்த வீட்டு வேலைக்குப் பொறுப்பான எஞ்சினியர் சியாவ் யூ-ஜென். நாற்பத்தொரு வயது, செருப்பில் எப்போதும் சிமெண்ட். கட்டுமானச் செயலியை அந்த வட்டாரத்துக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். அதற்கு முன் வரைபடம் மழையில் நனையும், காற்றில் பறக்கும், ஒருமுறை யாரோ அதில் வெற்றிலைப்பாக்குச் சாற்றைத் துப்ப, அந்தக் கறையைச் சன்னல் என்று நினைத்துச் சுவரில் ஓட்டை போட்டார்கள். செயலி வந்தபின் எல்லாம் போனுக்குள் அடங்கியது. சென்ட்ரிங் மேஸ்திரி ஆ-ஹாய்கூடத் தன் தடித்த கட்டைவிரலால் தினசரி அறிக்கை எழுதக் கற்றுக்கொண்டான். வீட்டுக்காரர்கள் இருந்த இடத்திலிருந்தே வேலையைப் பார்க்கலாம், மாற்றம் கேட்கலாம். தைப்பேயிலிருக்கும் கட்டடக் கலைஞர் விரலால் தொட்டால் ஒப்புதல். மருத்துவரும் அவர் மனைவி லாய் பெய்-ஷானும் அந்த மனையில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வைக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

முதல் திருத்தம் மருத்துவருடையது. ஹால் அகலமாக இருக்கட்டும், தூண் இரண்டடி வடக்கே நகரட்டும் என்று இரண்டு நோயாளிகளுக்கு நடுவே எழுதி அனுப்பினார். ஒப்புதல் வந்தபோது தொழிலாளர்கள் அட்டைகளை விரித்து மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். எழுந்து பார்த்தால் தூண் இரண்டடி நகர்ந்திருந்தது. மேலே உத்தரமும் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்தது. ஆ-ஹாய் தரையில் உதிர்ந்த தூசியைப் பெருக்கினான். யூ-ஜென் டேப்பை எடுத்து இரண்டு முறை அளந்தாள். இடிக்கவும் வேண்டாம், மறுபடி வார்க்கவும் வேண்டாம் என்று புரிந்ததும் அவளுக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. ‘தூண் 4, இரண்டடி வடக்கே. சேதம் இல்லை’ என்று பதிந்தாள். செயலி பச்சை காட்டியது.

மறுநாள் பெய்-ஷான் போனைத் திறந்து பார்த்தாள். தூண் அவளுடைய தேநீர் அறையின் வாசலில், கதவு போட முடியாதபடி நின்றது. அவள் அதைக் கிழக்கே தள்ளினாள். மருத்துவர் தெற்கே இழுத்தார். இப்படியே வசந்தம் போய்க் கோடை வந்தது. ஒருவர் திருத்தியதை இன்னொருவர் திருத்தினாரே தவிர, ஒரே மேசையில் சாப்பிட்ட அந்த இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆறாவது நகர்தலில் தூணின் அடிப்பக்கம் குதிகால்போல வெடித்திருந்தது.

“அதுக்கும் கால் வலிக்கும்ல, தலைவி?” என்றான் ஆ-ஹாய்.

“பில்லருக்கு ஏதுடா காலு? டிராயிங்ல எங்க இருக்கோ அங்கதான் நிக்கணும்.”

“அது நின்னுடும். டிராயிங்கு நிக்க மாட்டேங்குதே.”

ஏழாவது முறை கணவனும் மனைவியும் ஒரே நிமிடத்தில் பொத்தானை அழுத்தினார்கள். கட்டடக் கலைஞர் பாரபட்சம் பார்க்காமல் இருவருக்கும் ஒப்புதல் தந்தார். தூண் சற்று நேரம் யோசித்தது. பிறகு எல்லைச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது.

மீதிப் பதினோரு தூண்களும் முனகின. ஆ-ஹாய் ஓடி ஓடி இரும்பு முட்டுகளைக் கொடுத்தான். நகராட்சிச் சோதனைக்கு ஒன்பது நாள் இருந்தது. தளம் ஒரு விரற்கடை இறங்கினாலும் வீட்டை இடிக்கச் சொல்வார்கள், விண்ணப்பத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் யூ-ஜென்னின் கையெழுத்து இருந்தது. அவள் தூணுக்குப் பழைய இடத்தைக் கொடுத்துப் பார்த்தாள், புது இடத்தைக் கொடுத்துப் பார்த்தாள். ‘தூண் 4 தாமதம்’ என்று செயலி சிவப்பாகக் கத்தியது. தோப்புக்காரி குவோ சியூ-லான் தன் தொப்பியைத் தூணின் தலையில் மாட்டிவிட்டுக் காய்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள்.

“அது பாட்டுக்கு உக்காந்திருக்கும்மா. எனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்ல. நீதான் போனை வச்சுக்கிட்டு அதைச் சுத்திச் சுத்தி வர்ற.”

“சோதனையில என் வேலை போயிடும் அக்கா.”

“அப்ப அதை அலைக்கழிச்சவங்கள வரச் சொல்லு.”

யூ-ஜென் முதன்முறையாகச் செய்தி அனுப்பாமல் அவர்களை நேரில் அழைத்தாள். கணவனும் மனைவியும் வேறு வேறு காரில் வந்தார்கள். தூணின் வெடித்த அடிப்பக்கத்தைப் பார்த்ததும் மருத்துவர் பழக்கத்தில் குனிந்து விரலால் தடவினார்.

“அவ்வளவு பெரிய ஹால் எதுக்கு?” என்றாள் பெய்-ஷான் திடீரென்று. “நம்ம வீட்டுக்கு யாருங்க வர்றாங்க?”

“இடம் இருந்தா யாராவது வருவாங்கன்னுதான்.” மருத்துவர் விரலில் ஒட்டிய தூசியைத் தட்டினார். “நீ ஏன் டீ ரூமுக்குக் கதவு வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன? என்னைப் பூட்டி வெளிய வைக்கவா?”

“பூட்டுறதுக்கு இல்ல. நீங்க வந்து தட்டுறீங்களான்னு பாக்க.”

ஆ-ஹாய் தேவையில்லாமல் இருமினான். சியூ-லான் கொய்யாவை நறுக்கி, உப்புப் பிளம் பொடி தூவி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். மருத்துவர் தன் துண்டில் பாதியை மனைவியிடம் நீட்டினார், அவள் வாங்கிக்கொண்டாள். தூணின் கம்பிகள் லேசாகத் தளர்ந்ததை யூ-ஜென் கண்டாள். ஆனாலும் அது எழுந்திருக்கவில்லை.

“இது வராது,” என்றாள் அவள். “வீடுதான் இதுகிட்ட வரணும்.”

தோப்புக்காரியின் அந்த மூலையையும் வீட்டு மனையையும் மாற்றிக்கொள்வதென்று பேச்சானது. மனை சாலையோரம், காய் ஏற்ற வசதி என்று சியூ-லான் உடனே சம்மதித்தாள். யூ-ஜென் வீட்டையும் எட்டுக் கொய்யா மரங்களையும் செயலியில் புது இடங்களில் வைத்தாள். ஆ-ஹாய் சியூ-லானின் போனிலும் செயலியை ஏற்றிக்கொடுத்தான். கட்டடக் கலைஞர் படித்துப் பார்க்காமல் ஒப்புதல் தந்தார். பிறகு எல்லோரும், மருத்துவரும் மனைவியும் உட்பட, அட்டைகளில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். யூ-ஜென் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். மரங்கள் எல்லைச் சுவரோரம் ஒதுங்கி நின்று, வீடு கடந்து போனபின் எதிர்ப்பக்கம் நடந்தன. நாற்பது நிமிடம் ஆனது. பத்திரம் மாற்றத்தான் மூன்று மாதம் பிடித்தது.

சோதனைக்கு வந்த அதிகாரி தளத்தை அளந்தார், தூண்களை எண்ணினார், பன்னிரண்டும் இருந்தன. வீடு ஏன் விண்ணப்பத்தில் உள்ள இடத்தில் இல்லை என்று கேட்டார். நகர்ந்துவிட்டது என்றாள் யூ-ஜென். அவர் தலையாட்டி, அதற்குரிய படிவத்தைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

நான்காம் தூண் இப்போது மருத்துவர் கோவின் ஹாலுக்கு நட்டநடுவில் நிற்கிறது. விருந்தாளிகள் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். புழுக்கம் கூடும் நாட்களில் அது சன்னல் பக்கம் ஓர் அங்குலம் ஒதுங்கும். அப்போது மருத்துவர் சோபாவின் ஒரு முனையைப் பிடிக்க, பெய்-ஷான் மறுமுனையைப் பிடிக்க, இருவரும் சேர்ந்து, தூணுக்கு இடம் விட்டு, அதை ஓர் அங்குலம் தள்ளிப் போடுகிறார்கள்.