ஒரே பதில்

காலை பத்து மணிக்குள் ரிப்போர்ட் போனுக்கே வந்துவிடும் என்று ஆய்வகத்தில் சொல்லியிருந்தார்கள். பதினொன்றரை ஆகியும் வரவில்லை. அவர் சாப்பாட்டு மேஜையில் அச்சுத் தாள்களைப் பரப்பிப் பிழை திருத்திக்கொண்டிருந்தார். எதிரே மனைவி, கையில் போனோடு. கழுத்திலிருந்த பிளாஸ்திரியை அவர் விரல் தானாகப் போய்த் தடவிவிட்டு வந்தது. கட்டியிலிருந்து பரிசோதனைக்குச் சதை எடுத்து ஒன்பது நாளாகிறது.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தபோது, இருபத்தெட்டு வயதில் அவர் எழுதிய விஞ்ஞானக் கதையின் தாள்கள் அவை. நாற்பது வருஷம் கழித்து யாரோ தேடிப் பிடித்துப் புத்தகமாகப் போடுகிறார்கள். கதையில் வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு கண்ணாடித் திரை. உலகமே ஒரு கம்பியில் கோத்திருக்கும். எதைக் கேட்டாலும் மலைக்குள் இருக்கும் பெரிய இயந்திரம் ஒரே பதில் சொல்லும். அதுதான் சரியான பதில். கடிதம் நொடியில் போகும், முகம் பார்த்துப் பேசலாம் என்பதையெல்லாம் அப்போதே எழுதிவிட்டாரென்று பதிப்பாளர் முன்னுரையில் புகழ்ந்து தள்ளியிருந்தார்.

“உங்க மெஷினும் இப்படித்தான் காக்க வைக்குமா?” என்றாள்.

“அதுக்கு ஒரு நல்ல புத்தி குடுத்திருந்தேன். கெட்ட சேதின்னா, வீட்டுல ரெண்டு பேர் இருந்தாத்தான் வாயத் திறக்கும்.”

“நாமதான் ரெண்டு பேர் இருக்கோமே.”

அவர் சிரிக்கப் பார்த்தார். பிறகு துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். கதவு சாத்திய சத்தத்தோடு போன் அதிர்ந்தது.

மூன்று பக்கம். எண்கள், அம்புக்குறிகள், கடைசியில் தடித்த எழுத்தில் வாயில் நுழையாத ஒரு சொல். நல்லதா கெட்டதா என்று ஒரு வரி இல்லை. டாக்டர் போனை எடுக்கவில்லை; நாலு மணிக்குத்தான் பார்ப்பார். நீயாக எதையும் போனில் தேடக் கூடாது என்று கணவர் நேற்றே சத்தியம் வாங்கியிருந்தார். அவள் சமையலறைக்குள் போய், அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்து அடித்தாள். அரை நொடியில் லட்சக்கணக்கில் பதில்கள் வந்து விழுந்தன. முதலாவது, பயப்பட ஒன்றுமில்லை என்றது. அடுத்தது, எத்தனை பேர் ஐந்து வருஷத்தைத் தாண்டினார்கள் என்று சதவீதம் போட்டிருந்தது. மூன்றாவதில் எவளோ ஒருத்தி தன் கணவனைப் பற்றி வாராவாரம் எழுதி வந்து, சட்டென்று நிறுத்தியிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. அவள் மறுபடி முதலாவதற்கே போனாள்.

குளியலறையில் தண்ணீர் நின்றது.

“வந்துருச்சா?”

“வந்துருச்சு. ஒண்ணும் புரியல. டாக்டரே சொல்லட்டும்.”

“தேடிட்ட, இல்ல?”

அவள் திரும்பினாள். தலை துவட்டாமல் அவர் சமையலறை வாசலில் நின்றிருந்தார். மூக்குக்கண்ணாடியை ஈரத் துண்டின் நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார், மாட்டிக்கொள்ளாமல்.