இரண்டாவது திரை

மலேசியாவில், புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்ட மண்டபத்தில் இருந்த கணினி ஒருநாள் நின்றுபோனது. புனிதவதி முதலில் கூப்பிட்டது லோகேஸ்வரனைத்தான். அவனுக்கு ரவாங் நகரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்வான். அந்த வட்டாரத்தில் யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும் அவனிடம்தான் வரும்.

புனிதவதி பாலர் பள்ளி ஆசிரியை. மாலையில் மண்டபத்தைத் திறந்து வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் இணையத்தில் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பாள். உதவித்தொகை, கிளினிக் தேதி, வீட்டு மனு என்று எல்லாமே இணையத்தில்தான் என்று ஆகிவிட்ட காலம். அந்த ஒரே கணினியை வைத்துத்தான் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டுத் தானமாகக் கொடுத்தது. திரைக்குள்ளேயே எல்லாம் அடங்கிய ரகம், தனிப் பெட்டி கிடையாது.

லோகேஸ்வரன் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தான். டிஸ்க் மட்டும்தான் போயிருந்தது. வேறொன்றைப் போட்டால் சரியாகிவிடும். அவன் வீட்டு மேசை டிராயரிலேயே ஒன்று சும்மா கிடந்தது. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் அந்த அகலத் திரை கண்ணில் பட்டது. சின்ன மடிக்கணினியில் இரண்டு அட்டவணைகளை மாற்றி மாற்றிப் பார்த்து அவனுக்குக் கழுத்தே பிடித்துக்கொண்டிருந்த சமயம்.

“போர்டு போயிருச்சுக்கா,” என்றான். “பழைய மாடல் லா. இனிமே சாமான் கிடைக்காது.”

“அப்போ தூக்கிப் போட வேண்டியதுதானா தம்பி?”

“நான் கொண்டு போறேன். திரையாவது எதுக்காச்சும் ஆகும்.”

அவளே ஒரு பக்கம் பிடித்துக் காரில் ஏற்றிவிட்டாள். உதவிக்கு நன்றியும் சொன்னாள்.

வெறும் திரையாகத்தானே வைத்துக்கொள்ளப் போகிறோம் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனான். வீட்டில் கேபிளைச் செருகிப் பார்த்தால் திரை கறுப்பாகவே இருந்தது. அந்தத் துளை படத்தை வெளியே அனுப்புமே தவிர உள்ளே வாங்காது. வைஃபை வழியாக மடிக்கணினியின் படத்தை அனுப்பலாம். ஆனால் அதை வாங்கிக்கொள்ள அந்தக் கணினி முழுசாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். டிராயரில் கிடந்த டிஸ்கை எடுத்துப் போட்டான். ஒரு மணி நேரத்தில் கணினி எழுந்து உட்கார்ந்துவிட்டது.

அப்போதாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. மனைவி தனேஸ்வரி கேட்டதற்கு, “மண்டபத்துல வேணாம்னு கொடுத்துட்டாங்க,” என்றான். முதல் சில நாள் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, புனிதவதி தாயம்மாவை அழைத்துக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றாள். தாயம்மா நாற்றுப் பண்ணையில் செம்பனைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறவள். அவள் இருக்கும் லயத்து வீட்டு வரிசையை ஆண்டு முடிவுக்குள் இடிக்கப் போகிறார்கள். மாற்று வீட்டுக்கு மனு போட்டிருந்தாள். கையில் ஒரு கடிதம் இருந்தது.

“கம்ப்யூட்டர் இல்லைன்னு போன்லயே நிரப்பினேன் தம்பி,” என்றாள் புனிதவதி. “சின்ன எழுத்து. ஐசி நம்பர்ல ஒன்னைத் தப்பா அடிச்சுட்டேன். மனுவைத் தள்ளிட்டாங்க. அப்பீல் போட இன்னிக்குத்தான் கடைசி நாள். மறுபடியும் என் கையால போடப் பயமா இருக்கு.”

உள்ளே விடாமல் இருக்க முடியவில்லை. மேசையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் அந்தத் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் மூலையில் புனிதவதி ஒட்டிய மஞ்சள் சீட்டுகூட அப்படியே இருந்தது. அவள் பார்த்துவிட்டாள்.

“நம்ம மண்டபத்துது தானே? திரை இன்னும் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்காவது ஆச்சே,” என்றாள்.

குரலில் எந்தக் குத்தலும் இல்லை. லோகேஸ்வரனுக்குக் காது மடல்வரை சுட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, பாரத்தைப் பெரிய திரையில் திறந்தான். தாயம்மா அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து, தன் ஐசி நம்பரை ஓர் எண் விடாமல் தானே படித்துச் சரிபார்த்தாள்.

“எனக்கே தெரியுது பாரேன்,” என்று புனிதவதியிடம் சொன்னாள்.

மனு போய்ச் சேர்ந்தது. தாயம்மா எழுந்து அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்தக் கும்பிடைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“அக்கா, இது முழுசா கெட்டுப் போகல,” என்றான். “போர்டு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு வேணும்னு பொய் சொல்லிட்டேன்.”

தேத்தண்ணீரோடு வந்த தனேஸ்வரி கதவருகிலேயே நின்றுவிட்டாள். தாயம்மா விளங்காமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். புனிதவதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

“இந்தக் கடுதாசி வந்ததிலேர்ந்து என் கண்ணைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். இந்தக் கண்ணாடிகூட அதுக்காகப் புதுசா மாத்தினதுதான்.”

லோகேஸ்வரன் தரையைப் பார்த்தான்.

“கேட்டிருக்கலாம்,” என்றாள் அவள். “எடுத்துக் காருல வைங்க.”

அன்றே மண்டபத்தில் கொண்டுபோய் வைத்து, எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தான். அவள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டு மறுகோடியிலேயே நின்றாள். அன்றிரவு தனேஸ்வரியும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

அடுத்த மாதம் தாயம்மாவை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள், வீடும் கிடைத்தது. புனிதவதி நடந்ததை வெளியில் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆட்கள் வழக்கம்போலப் போனைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்கள், நல்ல பிள்ளை என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு உடம்பு கூசியது.

ஆண்டுக் கடைசியில் மண்டபத்துப் பிரிண்டர் கெட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டான். போன் வரும் என்று இரண்டு நாள் காத்திருந்தான். மூன்றாம் நாள் அந்தப் பக்கமாகக் கார் ஓட்டிப் போனபோது, கோலாசிலாங்கூர் டவுனிலுள்ள கடை ஒன்றின் பெயர் போட்ட மோட்டார் சைக்கிள் மண்டப வாசலில் நின்றது. உள்ளே யாரோ ஓர் இளைஞன் பிரிண்டரைக் கவிழ்த்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் புனிதவதி நின்று, அவன் கழற்றுவதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். லோகேஸ்வரன் காரை நிறுத்தவில்லை.