பஞ்சு சிக்கிய இடம்

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சோறு போட்டது அவருடைய காது. லிஃப்ட் ஐந்தாவது மாடியைத் தாண்டும்போதே கீழே நின்றபடி, "கைடு ஷூ தேஞ்சிருக்கு, இடது பக்கம்" என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அவரைப் பாம்புச்செவி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அப்பேர்ப்பட்ட பாம்புச்செவிதான் மூன்று வாரமாக ஒரு மரத்தின் முன்னால் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார். 'டக்' என்று ஒரு சத்தம். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவே இல்லை.

அந்த மரம், அவர் தன் கையால் செய்துகொண்டிருந்த வில். பின்னறைச் சுவரில் ஒரு கட்டையை அடித்து, அதன்மேல் வில்லைக் கிடத்தி, நாணில் ஒரு கயிற்றைக் கட்டி, கீழே ஒரு கப்பி வழியாக எதிர்ச்சுவர்வரை கொண்டுவந்திருந்தார். அங்கே நின்று கயிற்றை இழுத்தால் இங்கே வில் வளையும். வில்லின் இரண்டு கையும், அதாவது கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு பாதியும், ஒரே மாதிரி வளைகிறதா என்று பார்த்து, வளையாத இடத்தில் கண்ணாடித் துண்டால், நாணைப் பார்த்திருக்கும் வயிற்றுப்பக்கத்தைச் சுரண்டி, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் நிற்பதற்கும் காரணம் இருந்தது. முதலில் செய்த வில் படாரென்று முறிந்து, ஒரு துண்டு அலமாரிக் கதவில் பள்ளம் போட்டிருந்தது.

வில் அவருக்கில்லை, அவர் மனைவிக்கு. அந்த அம்மாள் நர்ஸ். நாலு வருஷமாக வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கல்லூரி அணியில் அம்பெய்தவள். படிப்பு முடிந்ததும் வில்லைக் கல்லூரியிலேயே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கையால் தொடவில்லை. மெக்கானிக் அவளை வில்லோடு பார்த்தது ஒரு போட்டோவில் மட்டும்தான். நாண் கன்னத்தில் ஒட்டியிருக்கும். கண் போட்டோவுக்கு வெளியே எதையோ பார்க்கும். பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்தும் அந்த முகத்தை அவர் நேரில் பார்த்ததில்லை. கோபத்தில் பார்த்திருக்கிறார், தூக்கத்தில் பார்த்திருக்கிறார், ஆஸ்பத்திரி வேலை முடிந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும்போது பார்த்திருக்கிறார். இந்த ஒன்று மட்டும் அவர் வருவதற்கு முன்னாலேயே முடிந்துபோன முகம்.

இரண்டு மாதத்தில் லீவில் வருகிறாள். அதற்குள் வில் தயாராக வேண்டும், அவளுக்குத் தெரியவும் கூடாது.

கீழ்வீட்டில் இருந்த மைத்துனிக்கு மட்டும் விஷயம் தெரியும். மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறும்போதெல்லாம் பின்னறை வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டாள்.

"என்ன மாமா, இன்னிக்கு வில்லு வாயத் திறந்துச்சா?"

"திறந்துச்சும்மா. என்ன சொல்லுதுன்னுதான் புரியல."

"அக்கா சொல்றதும் உங்களுக்குப் புரியாது. பொருத்தமாத்தான் செஞ்சிருக்கீங்க."

முதலில் 'கீச்' என்று ஒரு சத்தம் இருந்தது. வில்தான் கத்துகிறது என்று பயந்து ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டார். பார்த்தால் கப்பி. தலையில் அடித்துக்கொண்டு எண்ணெய் விட்டார். அடுத்தது 'டிக்'. நாண் கட்டிய பிறகு முதல் தடவை இழுக்கும்போது மட்டும் வந்தது. நாணின் நுனியிலுள்ள கண்ணி, வில்முனையில் அதற்கென்று போட்ட வெட்டில் போய் உட்காருகிற சத்தம். வெட்டை வழவழப்பாக அரம் போட்டார். அதுவும் போயிற்று. பிறகு ஒரு கரகரப்பு. அது கைப்பிடியில் சுற்றிய தோல். அவிழ்த்துப் போட்டார்.

எல்லாம் போனபின் மிச்சம் நின்றது இந்த 'டக்'. பாதி இழுவையைத் தாண்டும்போது ஒரே ஒரு தடவை. சில நாள் வரும், சில நாள் வராது. இயந்திரமாக இருந்தால் இந்நேரம் பிரித்து மேய்ந்திருப்பார். மரத்தைப் பிரித்துப் பார்க்க வழியில்லை.

மனைவி தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள். அங்கே அது மத்தியானச் சாப்பாட்டு நேரம். முதல் வருஷம் பேச நேரம் போதவில்லை. இப்போது "சாப்டீங்களா?", "சாப்டேன், நீ?", "ம்" என்று மூன்று வார்த்தையில் வந்து நின்றிருந்தது. சண்டையெல்லாம் இல்லை. இருவருக்கும் பொதுவாக நடப்பது என்று எதுவும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். போனை வைத்த பிறகு கேட்க வேண்டியதெல்லாம் அவருக்கு வரிசையாக நினைவு வரும்.

ஒரு நாள் அவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோதே போன் வந்தது. ஒரு கையில் கயிறு, மறு கையில் போன். விட்டால் வில் அதிரும் என்று மெதுவாகத் தளர்த்தப் பார்த்தார். தவறி ஒரு இழுப்பு கூடிவிட்டது. டக்.

"என்னங்க சத்தம் அது?"

"ஒண்ணுமில்ல. சைட்ல இருக்கேன். லிஃப்ட் ரோப்பு."

"பொய் சொல்லாதீங்க. அது மரம்." அந்தப் பக்கம் கரண்டியைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. "வில்லா?"

நாலாயிரம் மைல் தாண்டி ஒரு டக்கைக் கேட்டு, அவள் அதன் பெயரைச் சொல்லிவிட்டாள்.

"யாருக்குங்க வில்லு?"

"பக்கத்து வீட்டுக்காரருக்கு," என்றார். பிறகு தாங்காமல், "உனக்குத்தான். வேற யாருக்கு?"

"இன்னொரு தடவ இழுங்க. போனை மரத்துக்கிட்ட வச்சிட்டு நீங்க தள்ளி நில்லுங்க," என்றாள்.

இழுத்தார். டக்.

"மேல் கையா, கீழ் கையா?"

"தெரியலையே."

"வீட்ல பஞ்சு இருக்கா? கொஞ்சம் பிச்சு எடுத்து வில்லோட முதுகுல லேசாத் தடவுங்க. ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும். அழுத்தாதீங்க."

மருந்துப் பெட்டியைக் கிளறிப் பஞ்சு எடுத்துவந்தார். முதுகென்பது அம்பு போகும் பக்கம். வளையும்போது இழுபட்டுக் கிழியப் பார்ப்பது அதுதான். ஒருமுறை மேலிருந்து கீழாகத் தடவினார், வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிக் கீழிருந்து மேலாகத் தடவினார். கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, மிளகளவு கணு ஒன்றின் பக்கத்தில், ஒரு இழை பஞ்சு மாட்டிக்கொண்டு நின்றது. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. நகத்தால் வருடியபோது தலைமுடி அளவு ஒரு சிம்பு கிளம்பியிருந்தது.

"மாட்டிக்கிச்சு," என்றார், ஏதோ திருடனைப் பிடித்த மாதிரி.

"அதான். நல்ல வேளை, அது பேசுச்சு. பேசாம உடையற மரமும் உண்டு. பசையைத் தண்ணியா உள்ள விட்டு, மேல நூலால நெருக்கமாச் சுத்துங்க. ரெண்டு நாள் தொடாதீங்க."

"கட்டுப் போடச் சொல்ற. நர்ஸுன்னா நர்ஸுதான்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "எத்தன கிலோ இழுப்பு?" என்று கேட்டாள்.

"பதினாறு. நீ அந்தக் காலத்துல இழுத்த அளவுதானே? உன் தங்கச்சிகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தார்.

"அவ்வளவு முடியாதுங்க இப்ப," என்றாள். "வலது தோள் சரியில்ல. ஒரு பேஷண்ட் கட்டில்லேருந்து விழப் போனாரு, தாங்கிப் புடிச்சேன்."

"எப்போ?"

"எட்டு மாசம் இருக்கும்."

"எட்டு மாசமா! தினம் பேசறோமே?"

"சொன்னா நீங்க அங்க உக்காந்துகிட்டு என்ன பண்ணுவீங்க? தூக்கம்தான் கெடும்." பிறகு தணிந்த குரலில், "பத்து போதும். பத்துக்கு மேல வேண்டாம்," என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வேலையிடத்தில் எந்தச் சத்தத்தையும் விட்டுவைக்காத மனிதர், தினம் கேட்கும் குரலில் எட்டு மாத வலியைக் கேட்காமல் விட்டிருக்கிறார். அன்று இருட்டும் நேரத்தில் மைத்துனி மாடிக்கு வந்தபோது அவர் வில்லைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அவளும் ஒன்றும் கேலி செய்யவில்லை.

மூன்றாம் நாள் சுரண்ட ஆரம்பித்தார். வலுவைக் கூட்டுவது கஷ்டம், குறைப்பது சுலபம் என்று நினைத்தால் தப்பு. ஒரு பக்கம் கூடக் குறைந்தால் வில் கோணிவிடும். இந்தக் கையில் பத்துச் சுரண்டல், அந்தக் கையில் பத்து. பிறகு தொங்கு தராசை மாட்டி இழுத்துப் பார்ப்பார். பதினைந்து. பதினாலரை. சுருள் சுருளாகத் தூள் மடியில் விழும்.

அதற்குள் லீவு தள்ளிப்போயிற்று. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, இன்னும் மூன்று மாதம் ஆகும் என்றாள். அவர் "பரவால்ல" என்றார். போனை வைத்துவிட்டு, வாங்கி வைத்திருந்த புதுத் தலையணை உறைகளை மறுபடி பீரோவுக்குள் வைத்தார்.

ஆனால் பேச்சு மூன்று வார்த்தைக்குத் திரும்பவில்லை. "இன்னிக்கு எவ்வளவுக்கு வந்துச்சு?" என்று அவள் கேட்பாள். இவர் தராசைப் படிப்பார். "இன்னிக்குத் தோள் எப்படி?" என்று இவர் கேட்பார். அவள் முதலில் "நல்லாருக்கு" என்பாள், இவர் விடமாட்டார். "எந்தப் பக்கம் தூக்கினா வலிக்குது? எவ்வளவு தூரம் போகுது கை?" என்று கப்பியைச் சோதிப்பதுபோலக் கேட்பார். வில் பத்துக்கு வந்த அன்று முழு இழுவைக்கும் சத்தமே இல்லை. இருவரும் போனில் அந்தச் சத்தமின்மையைக் கேட்டார்கள்.

வந்தாள். இருபத்தோரு நாள் லீவு. விமான நிலைய வாசலில் பையை இடது தோளில் மாட்டியிருந்ததைத்தான் அவர் முதலில் பார்த்தார். பிறகுதான் நரைத்திருந்த முன்முடியைப் பார்த்தார்.

மறுநாள் காலை மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பழந்துணி அடைத்த மூட்டையைச் சாத்தினார். அவள் வில்லைக் கையில் வாங்கி, நூல் சுற்றிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு காலை நாணுக்கும் மரத்துக்கும் நடுவே விட்டு, இடுப்பால் அழுத்தி வளைத்து, கண்ணியை ஏற்றினாள். அதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

முதல் தடவை பாதியில் நின்றது கை. இறக்கினாள். மூச்சு விட்டாள். இரண்டாவது தடவை மெதுவாக, மெதுவாக, நாண் கன்னத்தைத் தொட்டது.

அவர் அவளுக்குப் பக்கவாட்டில் நின்றிருந்தார். அந்த முகம் வந்தது. அவரை மறந்த முகம், வீட்டை மறந்த முகம். தனக்காகத்தான் வில் செய்தோமோ என்று ஒரு கணம் அவருக்குக் கூச்சமாக இருந்தது. அம்பு மூட்டையில் போய்க் குத்தியதை அவர் பார்க்கவே இல்லை.

"எங்க பாக்கறீங்க? குறி அங்க இருக்கு," என்றாள்.

"எனக்கு இங்கதான்," என்றார். துணி காயப்போட வந்திருந்த மைத்துனி, "ஐயோ, நான் கீழ போறேன்பா," என்று வாளியோடு இறங்கிவிட்டாள்.

இருபத்தோரு நாளும் காலையில் மாடிதான். வலித்தால் நிறுத்திவிடுவாள்; ஒத்தடம் கொடுப்பது அவர் வேலை. இன்னும் ஒரு வருஷம், ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று அவள் சொன்னபோது அவர் நம்பினார்; நம்பாமலிருக்கவும் பயந்தார். புறப்படும் அன்று காலையிலும் மூன்று அம்பு எய்துவிட்டு, வில்லைப் பின்னறை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் போனில் கேட்டாள்: "நாணைக் கழட்டி வச்சீங்களா?"

"ம்," என்றார்.

"கழட்டலையா?"

அவள் அவசரத்தில் ஏற்றியபடியே விட்டுப்போன கண்ணி அது. தினமும் அறைக்குள் போவார், பார்ப்பார், கைவைக்க மனம் வராமல் திரும்பிவிடுவார்.

"வளைஞ்சே கெடந்தா வலு போயிடும்ங்க. நான் வரும்போது எனக்கு வேணும்," என்றாள். "போங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வில்லை எடுத்தார். அவள் செய்த மாதிரியே காலை உள்ளே விட்டு, இடுப்பால் அழுத்தினார். கண்ணி வெட்டிலிருந்து விலகியது. மரம் அவர் கைக்குள்ளேயே மெல்ல நிமிர்ந்தது.

"ஆச்சா?"

"ஆச்சு," என்றார். "நீ சாப்பிடு. ஆறிடப் போகுது."